பைத்தான் தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்வு (பி.சி.இ.பி.): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிப் படிப்போடு ஒரு புரோகிராமிங் சான்றிதழும் கையில் இருக்கட்டும் என்று நினைக்கும் மாணவர்களும், வேறு துறையிலிருந்து மென்பொருள் பக்கம் வரப் பார்ப்பவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது பி.சி.இ.பி. தேர்வைப் பற்றித்தான். வகுப்பிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

ஒரு சிறு குறிப்பு. கீழே வரும் நிரல் வரிகளில் பிரிண்ட், வைல், இஃப் போன்ற சொற்களைத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். அ, ஆ என்று நான் வைத்திருக்கும் மாறிப் பெயர்களை மட்டும் அப்படியே தட்டலாம். பைத்தான் 3 தமிழ் எழுத்தை மாறிப் பெயராக ஏற்றுக்கொள்ளும்.

பி.சி.இ.பி. என்றால் என்ன? யார் நடத்துகிறார்கள்?

பைத்தான் மொழியில் தொடக்கநிலை அறிவைச் சோதிக்கும் தேர்வு. பைத்தான் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு, ஓப்பன்இடிஜி என்ற நிறுவனத்தின் தளம் வழியாக ஆன்லைனில் நடத்துகிறது. பைத்தான் மொழியைப் பராமரிக்கும் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு பயோடேட்டாவில் தவறாக எழுதிவிடாதீர்கள்.

இப்போதைய தேர்வின் எண் பி.சி.இ.பி.-30-02. மொத்தம் 30 கேள்விகள், 40 நிமிடம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. 30-01 என்று போட்ட புத்தகமோ வீடியோவோ கிடைத்தால் அது முந்தைய பதிப்புக்கானது. பெரும்பகுதி பொருந்தும் என்றாலும் பாடத்திட்டத்தை 30-02 வைத்தே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்டின் எம்.டி.ஏ. தேர்வு நல்லது என்று சீனியர் சொன்னாரே?

நல்ல தேர்வுதான், ஆனால் இப்போது இல்லை. மென்பொருள் உருவாக்க அடிப்படைகளுக்கான 98-361 உட்பட எம்.டி.ஏ. தேர்வுகள் எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 30-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்கான பழைய கையேடுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பயிற்சி என்று யாராவது இப்போது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நான் பி.காம். கம்ப்யூட்டர் படிப்பே இல்லை. எழுத முடியுமா?

முடியும். பட்டம், மதிப்பெண், முன்தேர்வு எதுவும் கேட்பதில்லை. வணிகவியல் மாணவர்கள் இதில் பின்தங்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேரேட்டில் வரி வரியாகப் பதிந்து பழகிய கைக்கு, ஒரு நிரலை வரி வரியாகப் பின்தொடர்வது சுலபமாகவே வருகிறது.

+2-வில் பைத்தான் படித்தேன். அது போதுமா?

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் +1 கணினி அறிவியலில் சி++, +2-வில் பைத்தான். ஃபங்ஷன், ஸ்ட்ரிங், லிஸ்ட், டியூப்பிள், டிக்‌ஷனரி எல்லாம் அந்தப் புத்தகத்திலேயே இருக்கின்றன. இலங்கையில் உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுத்தவர்களுக்கும் பைத்தான் பழக்கம் இருக்கும். ஆகவே தலைப்புகள் புதிதாகத் தெரியாது.

ஆனால் கேட்கும் விதம் வேறு. பொதுத் தேர்வு "வரையறு", "விளக்குக", "நிரல் எழுதுக" என்று கேட்கும். இது ஐந்தாறு வரி நிரலைக் கொடுத்து "இது என்ன அச்சிடும்?" என்று கேட்கும். புத்தகத்தை மனப்பாடம் செய்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர்கள் இங்கே திணறுவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். எக்செப்ஷன் (நிரல் ஓடும்போது வரும் பிழைகளைப் பிடிக்கும் முறை) பகுதியைப் பள்ளியில் படித்ததை நம்பி விட்டுவிடாமல், முதலிலிருந்து படியுங்கள்.

எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண்?

நான்கு பகுதிகள். அடிப்படைகள் (எண்கள், ஆபரேட்டர்கள், உள்ளீடு, வெளியீடு) 7 கேள்விகள், 18 சதவீதம். இஃப் (நிபந்தனை), லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஆகியவை 8 கேள்விகள், 29 சதவீதம். லிஸ்ட், டியூப்பிள், டிக்‌ஷனரி, ஸ்ட்ரிங் 7 கேள்விகள், 25 சதவீதம். ஃபங்ஷனும் எக்செப்ஷனும் 8 கேள்விகள், 28 சதவீதம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் பகுதியில் ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டரை சதவீதம்தான் விழுகிறது. மற்ற மூன்றிலும் மூன்றரை அல்லது அதற்குச் சற்று மேல். "முப்பதில் இருபத்தொன்று சரியானால் பாஸ்" என்ற கணக்கு அதனால்தான் எப்போதும் ஒத்துவராது. லூப்பிலும் ஃபங்ஷனிலும் ஓட்டை இருந்தால், அடிப்படைகளில் முழு மதிப்பெண் வாங்கினாலும் கரை சேர முடியாது. படிக்கும் நேரத்தையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். நிறைய பேர் முதல் பகுதியிலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு, எக்செப்ஷனைக் கடைசி இரவில் புரட்டுகிறார்கள்.

எதை வைத்துப் படிப்பது? கோச்சிங் வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. "பைத்தான் எசென்ஷியல்ஸ் 1" என்ற பாடத்தை, தேர்வு நடத்துபவர்களே எட்யூப் தளத்திலும் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தளத்திலும் இலவசமாகத் தருகிறார்கள். நான்கு பாகங்கள். தேர்வின் பாடத்திட்டமும் அதுவும் அச்சு அசலாக ஒத்துப்போகும். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் வினாடி வினாவும் தேர்வும் உண்டு.

ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு இதே பாடத்தைத் திரையில் ஓட்டிக் காட்டும் நிலையங்கள் இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து படிக்க முடியாது, யாராவது பக்கத்தில் இருந்து கேள்வி கேட்க வேண்டும் என்பவர்களுக்கு அது உதவலாம். மற்றவர்கள் அந்தக் காசைத் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் எவ்வளவு?

59 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5,015 ரூபாய். மாணவருக்குச் சின்னத் தொகை இல்லை. அதனால்தான் மேலே சொன்ன இலவசப் பாடத்தை முழுதாக முடிக்கச் சொல்கிறேன். அதன் இறுதித் தேர்வில் 70 சதவீதம் வாங்கினால் பாதிக் கட்டணத் தள்ளுபடிக் கூப்பன் கிடைக்கும். பணம் கட்டுவதற்கு முன் தளத்தில் அன்றைய விலையையும் கூப்பனுக்கான விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. மாதிரித் தேர்வில் மட்டும் தப்பாகிறது. ஏன்?

இதுதான் எனக்கு வரும் கேள்விகளிலேயே முக்கியமானது. இந்தத் தேர்வின் முழு ரகசியமும் இதற்குள் இருக்கிறது.

வீடியோவில் ஆசிரியர் விடையைச் சொன்னபிறகு "ஆமாம், சரிதானே" என்று தோன்றுவதும், யாரும் சொல்லாமல் நீங்களே விடையைக் கண்டுபிடிப்பதும் இரண்டு வேறு திறன்கள். தேர்வு இரண்டாவதை மட்டும் சோதிக்கிறது. அதற்கு ஒரே பயிற்சிதான்: நோட்டும் பேனாவும் எடுத்து நிரலைக் கையால் ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு கட்டம் போட்டு, வரிக்கு வரி அதன் மதிப்பு எப்படி மாறுகிறது என்று எழுத வேண்டும். டிரை ரன் என்று லேபில் சொல்லுவார்களே, அதேதான்.

ஒன்றைச் சேர்ந்து செய்துபார்ப்போம்.

எ = 10
வைல் எ > 0:
    எ = எ - 3
    இஃப் எ == 4:
        கன்டின்யூ
    இஃப் எ < 2:
        பிரேக்
    பிரிண்ட்(எ)
எல்ஸ்:
    பிரிண்ட்("முடிந்தது")

கீழே படிக்கும் முன் ஒரு தாளில் விடையை எழுதிவிடுங்கள்.

சரி, இப்போது ஓட்டலாம். எ முதலில் 10. சுழியத்தை விடப் பெரியது, உள்ளே போகிறோம். எ இப்போது 7. நான்கும் இல்லை, இரண்டுக்குக் குறைவும் இல்லை. 7 அச்சாகிறது. மறுபடி மேலே. எ இப்போது 4. கன்டின்யூ வந்துவிட்டது, ஆகவே கீழே உள்ள எதையும் தொடாமல் நேராக லூப்பின் தலைக்குப் போகிறோம். 4 அச்சாகாது. மூன்றாம் சுற்று: எ இப்போது 1. இரண்டுக்குக் குறைவு, பிரேக். லூப் அங்கேயே அறுந்தது.

அப்புறம் அந்த எல்ஸ்? அது இஃப்போடு சேர்ந்ததில்லை. இடப்பக்க இடைவெளியைப் பாருங்கள், வைலுக்கு நேர்கீழே நிற்கிறது. லூப் பிரேக் ஆகாமல், நிபந்தனை பொய்யாகி இயல்பாக முடிந்தால்தான் அது ஓடும். இங்கே பிரேக் ஆனதால் ஓடாது. விடை: 7 மட்டும்.

இப்போது அந்த பிரேக் வரியையும் அதற்கு மேலுள்ள இஃப் வரியையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 7, 1, -2, முடிந்தது என்று வர வேண்டும். -2 ஏன் அச்சாகிறது என்று புரிந்தால், வைல் எப்போது நிபந்தனையைப் பார்க்கிறது என்பது உங்களுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

இப்படித் தினம் சில நிரல்கள். முதலில் தாளில் விடை, பிறகுதான் கணினியில் ஓட்டம். வரிசை மாறினால் பயிற்சியே வீண். ஓட்டிப் பார்த்துவிட்டு "இதைத்தான் நானும் நினைத்தேன்" என்று சொல்லிக்கொள்வது மிக எளிது.

எந்தெந்த இடங்களில் அதிகம் சறுக்குகிறார்கள்?

விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி தயாரிப்பவர்கள் சரியாக இந்த இடங்களில்தான் காத்திருக்கிறார்கள்.

முதலில் ஆபரேட்டர்கள். ஒற்றைச் சாய்கோடு எப்போதும் தசம எண்ணைத் தரும்: 6 / 3 என்பது 2 இல்லை, 2.0. விடைப் பட்டியலில் 2, 2.0 இரண்டும் இருக்கும். இரட்டைச் சாய்கோடு கீழ்நோக்கி முழுமையாக்கும். அதனால் 7 // 2 என்றால் 3, ஆனால் -7 // 2 என்றால் -4. மீதியும் அப்படியே: -7 % 2 என்பது 1, 7 % -2 என்பது -1. மீதியின் குறி வகுக்கும் எண்ணின் குறியோடு போகும் என்று நினைவில் வைத்தால் போதும். அடுக்கு மட்டும் வலமிருந்து இடமாக ஓடும். 2 ** 3 ** 2 என்றால் 64 இல்லை, 512. -2 ** 2 என்றால் -4, ஏனென்றால் அடுக்கு முதலில், கழித்தல் குறி பிறகு.

பிட்வைஸ் ஆபரேட்டர்களைக் கண்டு பயந்து விட்டுவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இரும எண்ணில் 13 என்பது 1101, 6 என்பது 0110. ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். இரண்டிலும் 1 இருக்கும் இடம் மட்டும் என்றால் 13 & 6 = 4. எதிலாவது 1 இருந்தால் போதும் என்றால் 13 | 6 = 15. வேறுபடும் இடங்கள் மட்டும் என்றால் 13 ^ 6 = 11. ~13 கேட்டால் ஒன்றைக் கூட்டிக் குறியை மாற்றுங்கள்: -14.

இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான் (எழுத்துத் தொடராகத்தான்) தரும். பயனர் 3, 4 என்று தட்டி, நிரல் அவற்றை மாற்றாமல் கூட்டினால் 7 வராது, 34 வரும். பெருக்கினால் டைப் எரர்.

லிஸ்ட்டுக்கு வருவோம். பாதிப் பேர் விழுவது இந்த நான்கு வரிகளில்:

அ = [1, 2, 3]
ஆ = அ
இ = அ[:]
ஆ[0] = 9

இப்போது அ என்ன? [9, 2, 3]. ஆ-வைத்தானே மாற்றினோம், அ ஏன் மாறியது? இரண்டாம் வரி புதிய லிஸ்ட் எதையும் உண்டாக்கவில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டாவது பெயர்ப்பலகை மாட்டியது, அவ்வளவுதான். இ மட்டும் தனிப் பிரதி, அது [1, 2, 3] ஆகவே இருக்கும். இதன் தொடர்ச்சியாக டெல் அ[:] என்றால் லிஸ்ட் காலியாகும், ஆ வழியாகப் பார்த்தாலும் காலிதான். டெல் அ என்றால் அந்தப் பெயர் மட்டும் போகும், ஆ வழியாக லிஸ்ட் பத்திரமாக இருக்கும்.

துண்டாக்குவதில் கடைசி எண் சேராது: "012345" என்ற ஸ்ட்ரிங்கில் [1:4] என்றால் 123. [-3:] என்றால் 345. [4:1] என்றால் காலி, பிழை வராது. எல்லை தாண்டிய ஒற்றை எண் கேட்டால் இண்டெக்ஸ் எரர், முழுதும் எல்லைக்கு வெளியே இருக்கும் துண்டு கேட்டால் காலி விடை. இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குத் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: "மதுரை"யின் நீளம் கேட்டால் பைத்தான் 3 என்று சொல்லாது, 5 என்று சொல்லும். உகரக் குறியையும் ஐகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணும். தேர்வில் இது வராது, ஆனால் வீட்டில் குழம்ப வேண்டாம்.

(5) என்பது வெறும் எண், (5,) என்பதுதான் டியூப்பிள். டிக்‌ஷனரியில் இன் போட்டுத் தேடினால் சாவிகளில் மட்டும்தான் தேடும், மதிப்புகளில் இல்லை. அப்பெண்ட், சார்ட் இரண்டும் லிஸ்ட்டை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டு நன் (எதுவுமில்லை) என்பதைத் திருப்பித் தரும். அதனால் அ = அ.சார்ட்() என்று எழுதினால் லிஸ்ட்டையே தொலைத்துவிடுவீர்கள்.

ஃபங்ஷனில் இரண்டு இடங்கள். ஒன்று, மதிப்புகளை அனுப்பும் முறை. டெஃப் கூட்டு(அ, ஆ=2) என்று இருந்தால் கூட்டு(1) சரி, கூட்டு(ஆ=1, அ=5) சரி. கூட்டு(அ=1, 5) நிரலையே ஓடவிடாது, சிண்டாக்ஸ் எரர். கூட்டு(1, அ=5) ஓடத் தொடங்கி டைப் எரரில் நிற்கும், அ-வுக்கு இரண்டு மதிப்பு போய்விட்டதால். இரண்டாவது, மாறியின் எல்லை. ஃபங்ஷனுக்குள் வெளி மாறியைப் படிக்கலாம். ஆனால் உள்ளே எங்காவது அதற்கு மதிப்புக் கொடுத்தால் அந்த ஃபங்ஷன் முழுவதும் அது உள்ளூர் மாறியாகிவிடும், குளோபல் என்று அறிவித்திருந்தால் ஒழிய.

எக்செப்ஷனில் வரிசைதான் எல்லாம். சுழியத்தால் வகுத்தால் ஜீரோடிவிஷன் எரர். அது அரித்மெட்டிக் எரரின் பிள்ளை. எக்செப்ட் வரிசையில் அரித்மெட்டிக் எரர் முதலில் இருந்தால் அதுவே பிடித்துக்கொள்ளும், கீழே இருக்கும் ஜீரோடிவிஷனுக்கு வாய்ப்பே வராது. அதேபோல இண்டெக்ஸ் எரரும் கீ எரரும் லுக்அப் எரரின் பிள்ளைகள். இந்தக் குடும்ப மரத்தை ஒரு அரைப் பக்கத்தில் வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள். வேல்யூ எரருக்கும் டைப் எரருக்கும் வித்தியாசம் கேட்பார்கள்: "3.5" என்ற ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் வேல்யூ எரர், "5" + 5 என்றால் டைப் எரர்.

எவ்வளவு நாள் தயாரிப்பு தேவை?

புதிதாகத் தொடங்குபவர் தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மாதம் நிதானமாகப் போதும். வேறு மொழி தெரிந்தவருக்கு அதில் பாதி. சி++ பழகியவர்கள் வேகமாகப் போவார்கள், ஆனால் வகுத்தல், அடுக்கு, லூப்போடு வரும் எல்ஸ் மூன்றிலும் பழைய பழக்கம் காலை வாரும். மாதிரித் தேர்வுகளில் நான்கு பகுதிகளிலும் தனித்தனியாக 80 சதவீதத்தைத் தாண்டும் வரை பணம் கட்டாதீர்கள் என்று என் மாணவர்களிடம் கறாராகச் சொல்கிறேன். மொத்தமாக 80 வந்தால் போதாது. பலவீனமான பகுதி மொத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

வீட்டில் கணினி இல்லை. ஃபோனை மட்டும் வைத்துப் படிக்க முடியுமா?

படிக்க முடியும். ஆண்ட்ராய்டில் பைட்ராய்டு 3 செயலியில் நிரல் ஓட்டலாம், அல்லது பிரவுசரில் கூகுள் கோலாப். கையால் ஓட்டும் பயிற்சிக்கு எப்படியும் நோட்டுதான் வேண்டும், ஆகவே நீங்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. ஃபோனில் இடப்பக்க இடைவெளியைச் சீராக வைப்பது மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்கும். ஒவ்வொரு நிலைக்கும் நான்கு இடைவெளி என்ற வழக்கத்தை அங்கேயே பழகுங்கள். தேர்வை மட்டும் கல்லூரி லேபிலோ நண்பர் வீட்டிலோ ஒரு கணினியில் எழுதுங்கள். சில கேள்விகளில் பெட்டிகளை இழுத்து வைக்க வேண்டியிருக்கும், சின்னத் திரையில் அது தொல்லை.

சாட்ஜிபிடி போன்றவற்றை வைத்துப் படிக்கலாமா?

தாராளமாக. "கன்டின்யூவும் எல்ஸும் வரும் வைல் லூப் பத்து கொடு, விடையைச் சொல்லாதே" என்று கேளுங்கள், கொட்டிக் கொடுக்கும். புரியாத வரியைத் தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். ஆனால் "இது என்ன அச்சிடும்?" என்று மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். அந்த ஒரு வேலையைத்தான் நீங்கள் பழக வேண்டும், அதைக் கொடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. இன்னொன்று, நிரலின் விடையை அது சில சமயம் தப்பாகச் சொல்லும், அதுவும் முழு நம்பிக்கையோடு. உங்கள் விடைக்கும் அதன் விடைக்கும் சண்டை வந்தால் பைத்தானில் ஓட்டிப் பாருங்கள், அதுதான் தீர்ப்பு.

"உண்மையான கேள்விகள், 100 சதவீதம் பாஸ்" என்று டம்ப்ஸ் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். தேர்வு தொடங்கும் முன்பே கேள்விகளை வெளியே பகிரமாட்டேன் என்ற ஒப்பந்தத்துக்கு நீங்கள் சம்மதிக்கிறீர்கள். அதை மீறி வெளியே வந்த சரக்குக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், அவற்றில் விடைகளே தப்பாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு தொகுப்பை மாணவர் ஒருவர் கொண்டுவந்து காட்டியபோது, -7 // 2 என்பதற்கு -3 என்று விடை போட்டிருந்தது. அதை மனப்பாடம் செய்தவர் தேர்விலும் தவறுவார், பிறகு நேர்முகத்திலும் தவறுவார். நேர்முகத்தில் வெள்ளைத் தாளைக் கொடுத்து ஒரு லூப் எழுதச் சொல்லும்போது எந்த டம்ப்ஸும் கூட வராது.

தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் கேள்வி புரியுமா என்று பயமாக இருக்கிறது.

தேர்வு தமிழில் இல்லை என்பது உண்மை. ஆனால் கேள்வியில் ஆங்கில வாக்கியம் ஒன்றிரண்டுதான் இருக்கும், மீதி நிரல். அந்த வாக்கியங்களும் ஒரே மாதிரியானவை: பின்வரும் நிரலின் வெளியீடு என்ன, எந்த இரண்டு கூற்றுகள் சரி, விடுபட்ட இடத்தில் எதைப் போட வேண்டும். இலவசப் பாடத்தின் வினாடி வினாக்களைச் செய்து முடிக்கும்போது இந்தச் சொற்றொடர்கள் எல்லாம் பழகிவிடும். ஒரு நோட்டில் புதுச் சொற்களை எழுதிப் பொருள் குறித்துக்கொண்டே போங்கள். "இல்லை", "தவிர", "தவறானது எது" என்ற பொருளில் வரும் சொற்களை மட்டும் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். மொழியால் மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான். தமிழ்வழி மாணவர்கள் நிரலைப் படிப்பதில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கிறேன்.

தேர்வு நேரத்தில் எப்படி நடந்துகொள்வது?

40 நிமிடத்தை 30-ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு 80 நொடி. வரையறைக் கேள்விகள் 20 நொடியில் முடிந்துவிடும். அங்கே மிச்சம் பிடித்ததை லூப் கேள்விகளுக்குச் செலவிடலாம். பக்கத்தில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறதா என்று நீங்கள் எடுத்த தேர்வு முறையின் விதிகளில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். முடியாது என்றால், கடைசி வாரப் பயிற்சியில் கட்டம் போடாமல் மனத்திலேயே ஓட்டிப் பழகுங்கள்.

விடைகளைப் பார்க்கும் முன் நிரலை ஓட்டி விடை காணுங்கள். விடைகளை முதலில் பார்த்தால் கண் ஏதாவது ஒன்றின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு நிரல் அதற்கு ஏற்றபடி தெரிய ஆரம்பிக்கும். "நிரல் பிழையில் முடியும்" என்ற விடை பட்டியலில் இருந்தால் அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, இடைவெளி மூன்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஃபெயில் ஆகிவிட்டால்?

மறுபடி எழுதலாம். எந்தத் தலைப்புகளில் தடுமாறினீர்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள், இரண்டு நாள் கழித்தால் மறந்துவிடும். அந்தத் தலைப்புகளில் மட்டும் புது நிரல்கள் ஓட்டுங்கள். முழுப் பாடத்தையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்குபவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சான்றிதழுக்கு வேலை கிடைக்குமா?

இதை மட்டும் காட்டி வேலை வாங்க முடியாது. பெரிய நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கத் தங்கள் சொந்த எழுத்துத் தேர்வும் நேர்முகமும் வைக்கின்றன. இந்தச் சான்றிதழ் அவற்றிலிருந்து விலக்குத் தராது. வேறு துறையிலிருந்து வருபவருக்கு, விண்ணப்பத்தைப் பார்ப்பவர் மனத்தில் "இவர் சும்மா சொல்லவில்லை, உட்கார்ந்து படித்திருக்கிறார்" என்ற எண்ணத்தை உண்டாக்கும். உள்ளிருப்புப் பயிற்சிக்கு முயலும் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கும் உதவும். இறுதியாண்டு கணினிப் பொறியியல் மாணவர் என்றால், அந்த நேரத்தை ஒரு நல்ல புராஜெக்டில் போடுங்கள் என்றே சொல்வேன்.

தேர்வுக்காகப் பழகிய திறனுக்கு மதிப்பு அதிகம். வேலையில் சேர்ந்ததும் முதலில் பெரும்பாலும் உங்களை எழுதச் சொல்ல மாட்டார்கள், வேறு யாரோ எழுதியதைப் படித்து ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள்.

அடுத்து என்ன?

இதே வரிசையில் அடுத்தது பி.சி.ஏ.பி.-31-03. 40 கேள்விகள், 65 நிமிடம். மாட்யூல்கள், கிளாஸ், ஆப்ஜெக்ட், கோப்பு கையாளுதல் எல்லாம் வரும். கட்டணம் பல மடங்கு அதிகம். உடனே அதற்குத் தாவ வேண்டாம். நடுவில் உங்களுக்கே தேவைப்படும் ஒரு சின்ன நிரலை முழுதாக எழுதி முடியுங்கள். அப்பா கடையின் கடன் கணக்கு, விடுதி மெஸ் கணக்கு, ஊர்க் கோயில் வரவுசெலவு, எதுவானாலும் சரி. பயனர் எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால் உங்கள் நிரல் விழாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் எந்த எக்செப்ட் எழுத வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.